புதுப்பிப்பு: கபடிக் களத்திலிருந்து வேதியியல் வகுப்புக்கு

மேலூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் பதினோராம் வகுப்புக்கு வெப்பக் கொள்வினையை (சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும் வினையை) எப்படி அறிமுகப்படுத்துவது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். கபடி ஆடும் பிள்ளைகள் என்பதால், சுளுக்குக்கு வைக்கும் உடனடிக் குளிர்ப் பையிலிருந்து தொடங்குமாறு நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். அப்படியே செய்தேன்.

அத்தகைய பைகள் சிலவற்றில் இருப்பதும் யூரியாதான் என்பதால், வயலுக்கு வாங்கும் யூரியாவில் 20 கிராமை 100 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைத்தோம். 31 டிகிரி செல்சியஸ் ஏறத்தாழ 22-க்கு இறங்கியது. படிகத்தில் மூலக்கூறுகளைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றல், அவை நீரோடு சேரும்போது வெளிப்படும் ஆற்றலைவிட அதிகம் என்பதால், அந்தக் குறையை நீரின் வெப்பமே ஈடுசெய்கிறது என்பதைக் குவளையைத் தொட்டுப் பார்த்த மாணவி ஒருத்தி தானாகவே சொல்லிவிட்டாள். அந்த நொடிக்காகத்தான் இத்தனை ஆண்டுகள் கற்பிக்கிறேன் என்று தோன்றியது.

முன்பு நான் எழுதியதில் ஒரு பிழை உண்டு. ஆட்டத்துக்கு மறுநாள் வரும் தசைவலிக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்றிருந்தேன், அது சரியன்று. ஓய்வெடுத்த ஓரிரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் லாக்டேட்டின் (உடலில் லாக்டிக் அமிலம் இருக்கும் வடிவத்தின்) அளவு இயல்புக்குத் திரும்பிவிடுகிறது. மறுநாள் வலிக்குத் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவுகளே முதன்மைக் காரணமாகக் கருதப்படுகின்றன. வகுப்பிலும் இதைத் திருத்திச் சொல்லிவிட்டேன். ஆனாலும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகளாவதை, மூலக்கூறு நிறை 180 என்பது இரண்டு 90-களாகப் பிரிவதாகக் காட்டி, பொருண்மை அழியா விதியை விளக்க அந்த எடுத்துக்காட்டு இன்னும் பயன்படுகிறது.

அடுத்து, களத்தில் கோடு போடும் சுண்ணாம்புத் தூளை எடுத்துக்கொள்ளப் போகிறேன்.