மறு: பேண்ட்லீடருக்குத் தமிழ்: "நடத்துநர்" வேண்டாமே

> எடி பால்மியெரி கட்டுரையில் பேண்ட்லீடர் வருகிற இடத்தில் எல்லாம் "இசைக்குழு நடத்துநர்" என்று போட்டுவிடலாமா?

ஐயா, வணக்கம். வேண்டாம் என்பது என் கட்சி. பேருந்து ஞாபகம் வரும் என்பதற்காக அல்ல. அந்தச் சொல்லைச் சிம்பொனி கண்டக்டருக்குக் கொடுத்தாயிற்று. அவர் கையில் கோலோடு நின்று, ஏற்கனவே இருக்கும் குழுவை வாசிக்க வைப்பவர், தானே வாசிப்பதில்லை.

லத்தீன் இசைப் பியானோக்காரரான பால்மியெரி கதை வேறு. தானே குழுவைச் சேர்த்து, அதில் வாசித்துக்கொண்டே முன்நின்றவர். 1936இல் நியூயார்க்கில் பிறந்த புவேர்ட்டோ ரிக்கோ வீட்டுப் பிள்ளை. 1958 முதல் பாடகர் டிட்டோ ரொட்ரிகெஸின் குழுவில் வாசித்தபோது வெறும் பியானோக்காரர்தான். 1961இல் லா பெர்ஃபெக்தா குழுவைத் தொடங்கினாரே, அப்போதுதான் நாம் பெயர் தேடும் வேலை ஆரம்பிக்கிறது. நடன அரங்குகளில் பெரிய குழு என்றால் ட்ரம்பெட் வரிசை, சராங்கா என்ற கியூபா பாணிக் குழு என்றால் புல்லாங்குழலும் வயலின்களும். இவர் புல்லாங்குழலை வைத்துக்கொண்டு வயலின் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ட்ராம்போன்களை (இழுத்து நீட்டி ஊதும் பித்தளைக் குழல்) உட்கார வைத்தார். பாரி ராஜர்ஸும், பிரேசில்காரர் ஹோசே ரொட்ரிகெஸும் முன்னால் முழங்க, அதைக் கேட்ட அண்ணன் சார்லி (அவரும் பெரிய பியானோக்காரர், சராங்கா குழு வைத்திருந்தவர்) ட்ராம்போனையும் சராங்காவையும் ஒட்டி "ட்ரொம்பாங்கா" என்று பெயரே வைத்துவிட்டார். பிற்பாடு சால்சா என்று விற்பனையான லத்தீன் நடன இசையில் ட்ராம்போன் முரட்டுத்தனமாக ஒலித்ததற்கு இந்தக் குழு ஒரு முக்கியக் காரணம்.

இவர் வாசித்துக்கொண்டேதான் குழுவை இழுத்துப் போவார். இவருடைய "அசூக்கர்" பாட்டைக் கேட்டுப் பாருங்கள், இடது கை ஒரே சுழற்சியை விடாமல் பிடித்திருக்க, வலது கை தன் இஷ்டத்துக்கு அலையும். நடுநடுவே மனிதர் உறுமுவதும் பல பதிவுகளில் கேட்கும்!

நம் உரையாடல் குழுவில் இன்னொருவர் பரிந்துரைத்த "இசைக்குழுத் தலைவர்" தப்பில்லை, ஆனால் சங்கத் தேர்தலில் ஜெயித்து வந்தவர் மாதிரி இருக்கிறது. இவர் விஷயம் அப்படியல்ல. லா பெர்ஃபெக்தா 1968இல் கலைந்தது. 1976இல் லத்தீன் இசைக்கென்று முதன்முதலாகக் கொடுத்த கிராமி விருது வேறு ஆட்களோடு செய்த தொகுப்புக்காக இவருக்குத்தான் வந்தது. 2002இல் பழைய குழுவுக்கு இவரே மறுபடி உயிர் கொடுத்தார். ஆட்கள் மாறினாலும் குழு இவருடையது.

எனவே "இசைக்குழு முதல்வர்" என்கிறேன். முதல் என்பதில் தொடக்கமும் உண்டு, கையிலிருந்து போடுகிற காசும் உண்டு. கல்லூரி முதல்வரோடு குழம்பும் என்பீர்கள். சரி, "இசைக்குழு" என்ற முன்னொட்டை விடாமல் எழுதினால் தீர்ந்தது.

ட்ரொம்பாங்காவை மட்டும் தயவுசெய்து மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.