தொடர்கொலைக் கதை மூன்றாவது கொலையோடு ஏன் தொய்ந்துவிடுகிறது?

கேள்வி:
முதல் இரண்டு கொலை வரை பக்கம் பறக்கிறது. அப்புறம் அதே சடலம், அதே இன்ஸ்பெக்டர், அதே பத்திரிகையாளர் கூட்டம். கொலைகாரனை இன்னும் பெரிய மூளைக்காரனாக்கினால் விறுவிறுப்பு வருமா?

பதில் 1:
வராது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வழக்கைப் பாருங்கள். லாரி டிரைவர் பீட்டர் சட்க்ளிஃப் 1975 முதல் 1980 வரை 13 பெண்களைக் கொன்றான். அதற்குள் போலீஸ் அவனை 9 முறை விசாரித்து விட்டுவிட்டது. அவன் மூளைக்காரன் என்பதால் அல்ல. தகவலெல்லாம் கையால் எழுதிய அட்டைகளில் இருந்தன. அட்டைகளின் பாரத்துக்காக அறையின் தரையையே பலப்படுத்த வேண்டியிருந்தது. ஒரே ஆளைப் பற்றிய அட்டைகள் ஒன்றாகச் சேரவே இல்லை. ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறான், குறிப்பு வேறு பெட்டியில் கிடக்கிறது. வாசகருக்கு நெஞ்சு பதறுவது அங்கேதான்.

அதனால் சரியான துப்பை மூன்றாம் அத்தியாயத்திலேயே கொடுத்துவிடுங்கள். ஆனால் சின்ன விஷயமாக. 1977இல் மான்செஸ்டரில் கொலையான பெண்ணின் கைப்பையில் ஒரு புதிய 5 பவுண்டு நோட்டு இருந்தது. அதன் எண்ணைப் பிடித்துக்கொண்டு, அந்த நோட்டு சம்பளமாகப் போயிருக்கக்கூடிய ஆயிரக்கணக்கானவர்களை விசாரித்தார்கள். சட்க்ளிஃபும் அதில் ஒருவன்.

பதில் 2:
ஒவ்வொரு கொலையும் விசாரணையின் திசையை மாற்ற வேண்டும். சடலத்தின் எண்ணிக்கை மட்டும் ஏறினால் தொய்வுதான். அதே வழக்கில் 1979இல், கொலைகாரனே பேசுவதுபோல் ‘நான்தான் ஜாக்’ என்று போலீஸுக்கு ஒரு டேப் வந்தது. பேச்சில் வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் ஊர் வாடை. அந்த வாடை இல்லாதவர்கள் சந்தேகத்திலிருந்து கழன்றார்கள். டேப் போலி. இப்படியொரு பொய்த் துப்பு கதையின் நடுவில் வரட்டும், ஆனால் போலீஸ் அதை நம்பக் காரணம் இருக்கட்டும். காரணம் இல்லையென்றால் வாசகர் இன்ஸ்பெக்டரை முட்டாள் என்று ஒதுக்கிவிடுவார்.

சட்க்ளிஃப் பிடிபட்டதும் சாதாரணமாகத்தான். 1981 ஜனவரி, ஷெஃபீல்டு, காரில் போலி நம்பர் பிளேட். சிறுநீர் கழிக்க ஒதுங்கிய சாக்கில் சுத்தியலையும் கத்தியையும் மறைத்திருந்தான். ஒரு சார்ஜென்ட் மறுநாள் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்த் தேடி எடுத்தார்.

பதில் 3:
உயிர்தப்பியவர்களை விட்டுவிட்டீர்களே. 1975இல் தாக்கப்பட்ட 14 வயதுச் சிறுமி சொன்ன அடையாளத்தில் தயாரித்த படம் சட்க்ளிஃபை அப்படியே ஒத்திருந்தது. போலீஸ் அந்தத் தாக்குதலைத் தொடரோடு சேர்க்கவில்லை. நாலாவது கொலையை எழுதுவதற்கு முன் அப்படியொருத்திக்கு முழுசாக ஒரு அத்தியாயம் கொடுங்கள். அவள் சொன்னதை யார் எழுதினார், அந்தத் தாள் எந்த மேஜையில் நின்றுபோனது என்பது வரைக்கும்.