அப்பாவோட ஸ்கேன் படங்களை ஆஸ்பத்திரியிலிருந்து எப்படி வாங்குறது?

சிப்புட்_பையன்:
வணக்கம். நாங்க சுங்கை சிப்புட். அப்பாவுக்கு ஈப்போவுல ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில நெஞ்சு சிடி ஸ்கேன் எடுத்தாங்க. வலது நுரையீரல்ல 9 மில்லிமீட்டர் கட்டின்னு ரிப்போர்ட். கோலாலம்பூர்ல இன்னொரு டாக்டர்கிட்ட காட்டப் போறோம். அவங்க ரிப்போர்ட் மட்டும் பத்தாது, படம் வேணும்னுட்டாங்க. டாக்டர் ஸ்கிரீன்ல காட்டினதை போன்ல பிடிச்சு வச்சிருக்கேன், அது போதுமா? இல்லன்னா எங்க போய் என்ன கேட்கணும்? அப்பாவால அலைய முடியாது.

எக்ஸ்ரே_ரூம்:
போன் படம் உதவாது தம்பி. சிடி ஸ்கேன்ல ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு. தண்ணிக்கு 0, காத்துக்கு -1000. கட்டிக்குள்ள கொழுப்பா, சுண்ணாம்பு படிஞ்சிருக்கான்னு அந்த எண்ணை வச்சுத்தான் பார்ப்பாங்க. நுரையீரலுக்கு ஒரு மாதிரி, நடுநெஞ்சுக்கு இன்னொரு மாதிரி வெளிச்சத்தை மாத்தி மாத்திப் பார்க்கணும். ஸ்கிரீனைப் பிடிச்சா எண்ணெல்லாம் போயிடும், சாம்பல் நிறம்தான் மிச்சம். ஃபிலிமும் அதே கதைதான்.

நீங்க கேட்க வேண்டியது டைகாம் ஃபைல், அதாவது எண்ணெல்லாம் அப்படியே இருக்கிற ஸ்கேன் பட ஃபைல். (நம்ம எழுத்துல ஸ்கேனும் சிடி, பதிஞ்சு குடுக்கிற வட்டும் சிடி. இங்க வட்டை டிஸ்க்னே எழுதுறேன்.) "எல்லா சீரிஸும் வேணும், மெல்லிசு ஸ்லைஸ் உட்பட"ன்னு அழுத்திச் சொல்லுங்க. ஸ்லைஸ்னா உடம்பைக் குறுக்கா வெட்டினது மாதிரி ஒரு படம், சீரிஸ்னா அந்தப் படங்களோட ஒரு செட். பார்க்க வசதியா 5 மில்லிமீட்டர் தடிமன்ல ஒரு செட் இருக்கும், 1 மில்லிமீட்டர்ல இன்னொண்ணு இருக்கலாம். உங்க அப்பா கட்டி 5 மில்லிமீட்டர் வெட்டுல ரெண்டு மூணு படத்துலயே வந்து போயிடும், ஓரமும் பக்கத்துத் திசுவோட கலங்கித் தெரியும். மெஷின்ல இருக்கிற மூலத் தரவு இடம் பத்தாம சீக்கிரமே அழிஞ்சிடும். அதுக்கப்புறம் புதுசா மெல்லிசு ஸ்லைஸ் போட வழியே இல்ல. தள்ளிப் போடாதீங்க.

பழைய ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே ஏதாச்சும் இருந்தா அதையும் சேர்த்துக் கேளுங்க. கட்டி எப்போ வந்தது, வளர்ந்திருக்கான்னு தெரியுறதுதான் பாதி பதில்.

ரெக்கார்ட்_அக்கா:
பாரம் (விண்ணப்பத் தாள்) எடுக்கும்போதுதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. "லாப்போரான் பெருபாத்தான்"னு கேட்டா அது டாக்டர் எழுதித் தர்ற மருத்துவ அறிக்கை, வாரக்கணக்குல இழுக்கும். உங்களுக்கு வேண்டியது "சாலினான் இமேஜ்", அதாவது படங்களோட நகல், கூட ஸ்கேன் ரிப்போர்ட் நகல். முதல்ல ரேடியோலோஜி (ஸ்கேன் எடுக்கிற பிரிவு) கவுண்டர்ல கேளுங்க. சில இடத்துல ரெக்கோட் யூனிட்டுக்கு அனுப்புவாங்க.

அப்பா வர வேண்டியதில்ல. அவர் கையெழுத்துப் போட்ட சூராட் கெபெனாரான் (அனுமதிக் கடிதம்), அவரோட ஐசி (அடையாள அட்டை) நகல், உங்க ஐசி, உறவைக் காட்ட உங்க பிறப்புப் பத்திரம் எடுத்துட்டுப் போங்க. கடிதத்துல ஸ்கேன் எடுத்த தேதியும் ஆஸ்பத்திரி பதிவு எண்ணும் இருக்கணும், இல்லன்னா தேட முடியலன்னு திருப்பி விட்டுடுவாங்க. வைரஸ் பயத்துல பெண்டிரைவை பெரும்பாலும் வாங்க மாட்டாங்க. கிளம்புறதுக்கு முந்தி போன் போட்டு கட்டணமும் டிஸ்க் எப்போ கிடைக்கும்னும் கேட்டுக்கிட்டா ரெண்டு தடவை ஈப்போ போக வேண்டாம்.

சிப்புட்_பையன்:
நன்றி அக்கா, அண்ணே. டிஸ்க் வாங்கியாச்சு. லேப்டாப்ல டிஸ்க் போடுற இடமே இல்ல. கடையில போட்டுப் பார்த்தா ஃபைலுக்கெல்லாம் பேர் ஐஎம்0001 மாதிரி இருக்கு, திறக்க மாட்டேங்குது. கெட்டுப் போச்சா?

எக்ஸ்ரே_ரூம்:
கெடல. டைகாம் ஃபைல் பேர்ல பின்னொட்டு இல்லாம வர்றது சகஜம், விண்டோஸுக்கு அதை எதால திறக்கணும்னு தெரியாது. மைக்ரோடைகாம்னு ஒரு சாஃப்ட்வேர் இலவசம், அதைப் போட்டு முழு ஃபோல்டரையும் திறங்க. ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்னா ஹோரோஸ். டிஸ்க்கிலேயே வர்ற பழைய வியூவர் (படம் பார்க்கிற சாஃப்ட்வேர்) பல கம்ப்யூட்டர்ல ஓடாது, அதோட மல்லுக்கட்டாதீங்க.

முதல்ல பார்க்க வேண்டியது மொத்த அளவு. ஒரு ஸ்லைஸ் 512க்கு 512 புள்ளி, சுருக்காம இருந்தா அரை எம்பி. 600 ஸ்லைஸ் இருந்தா 300 எம்பி வரும். உங்க டிஸ்க்ல பத்து இருபது எம்பிதான் இருக்குன்னா ரிப்போர்ட்டும் தேர்ந்தெடுத்த சில படமும்தான் குடுத்திருக்காங்க, திரும்பக் கேட்கணும். அடுத்து பேர், தேதி. அப்புறம் சீரிஸ் பட்டியல்ல தடிமன் 1 மில்லிமீட்டர் இருக்கா பாருங்க.

நகல் எடுக்க யூஎஸ்பியில மாட்டுற டிஸ்க் டிரைவ் இரவல் வாங்குங்க. டிஸ்க்கை அப்படியே முழுசா காப்பி பண்ணுங்க. டைகாம்டிர்னு ஒரு ஃபைல் இருக்கும், எந்தப் படம் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு அதுலதான் எழுதியிருக்கும். அழகா இருக்கட்டும்னு ஃபோல்டர் பேரை மாத்தினா அது வழி தெரியாம நின்னுடும்.

லைன்_வீட்டு_நெட்:
அனுப்புறதுக்கு முழு ஃபோல்டரையும் ஒரே ஸிப் ஆக்கி கூகுள் டிரைவ்ல ஏத்தி, லிங்க்கை அந்த டாக்டர் மெயிலுக்கு மட்டும் திறந்து விடுங்க. தோட்டத்துப் பக்கம் 300 எம்பி ஏத்துறது நடுவுல அறுந்துடும், டவுன்ல வைஃபை இருக்கிற இடத்துல உட்கார்ந்து ஏத்துங்க. குடும்பக் குரூப்லயும் ஃபேஸ்புக்லயும் போடாதீங்க, ஃபைலுக்குள்ளேயே பேர், பிறந்த தேதி எல்லாம் இருக்கு, பதிவு எண் இடத்துல ஐசி நம்பரே கூட இருக்கலாம்.

ரெக்கார்ட்_அக்கா:
தனியார் ஆஸ்பத்திரியில எடுத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. 2010 தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி எழுத்துல கேட்டா 21 நாளுக்குள்ள பதில் தரணும். அரசாங்கத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அங்க பாரமும் பொறுமையும்தான்.

தம்பி, அப்பாவுக்கு கட்டியில ஊசி போட்டு சதை எடுத்திருந்தா சொல்லுங்க. அதுக்குப் படம் மட்டும் போதாது, கண்ணாடி ஸ்லைடும் சதையைப் பதிச்சு வச்ச மெழுகுக் கட்டியும் பெத்தோலோஜியில (சதையைச் சோதிக்கிற பிரிவு) தனியா இரவல் கேட்கணும். அதுக்கு வேற பாரம்.