மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) தசை நோயோடு பாதமும் மரத்துப்போனவர்கள் உங்கள் வீட்டில் உண்டா?

அல்சூர் அக்கா:
தம்பிக்கு இமை தாழ்ந்து, சோதனைக்கு எடுத்த தசைத் துணுக்கில் ஓரம் கிழிந்த சிவப்பு இழைகள் தெரிந்து, நோய்க்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. அந்தக் கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்னை உறுத்துவது வேறு. பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரை நடந்து வந்தான். வலது காலில் செருப்பு இல்லை. "செருப்பு எங்கேடா?" என்று அம்மா கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தான். உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு குத்தி ரத்தம் வழிகிறது. அவனுக்குத் தெரியவே இல்லை. நரம்புக் கடத்தல் சோதனையில் பாதத்தின் உணர்வு நரம்புகள் எதுவும் பதில் தரவில்லை. இத்தனை வருடம் கண்ணையும் தோளையும் பார்த்தவர்களில் ஒருவராவது பாதத்தைத் தொட்டுப் பார்த்திருக்கக் கூடாதா?

ஜாலஹள்ளி ரவி:
என் மனைவி கண் திறந்திருந்தால் நடப்பாள். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் சாய்ந்துவிடுவாள். மாடிப்படி இறங்கும்போது மின்சாரம் போய்விட்டது. கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, "தரை எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. தாய்வழி நோய் என்று யாரோ சொன்னதால் மாமியார் இன்றும் அழுகிறார்.

பனசங்கரி சுந்தரம்:
ரவி, அதை அப்படியே விட முடியாது. மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டி.என்.ஏ.வில் இருப்பவை 37 மரபணுக்கள்தான். அவை தாயிடமிருந்து வருகின்றன, சரி. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையான மற்ற மரபணுக்கள் செல்லின் உட்கருவில் இருக்கின்றன. தசையும் நரம்பும் சேர்ந்து கெடும்போது பிழை போல்ஜி (POLG) போன்ற உட்கரு மரபணுவில் இருக்கலாம். அது அப்பா வழியாகவும் வரும். அறிக்கை கையில் இல்லாமல் ஒரு தாயை அழவிடாதீர்கள்.

அக்கா, பி12, சர்க்கரை இரண்டையும் பார்த்தீர்களா? இந்த நோயிலேயே சர்க்கரை வருவதுண்டு, அதுவும் நரம்பைக் கெடுக்கும். இ.சி.ஜி. தவறாமல் எடுங்கள், சிலருக்கு இதயத் துடிப்பின் பாதையிலும் தடை வருகிறது. வலிப்பு வந்து எங்கே கொண்டுபோனாலும் வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்தைக் கொடுக்கும் முன் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். போல்ஜி பிழை இருந்தால் அந்த மருந்து கல்லீரலைச் செயலிழக்கச் செய்துவிடலாம். வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கால் வைக்கச் சொல்லுங்கள்; என் அண்ணனுக்குக் கொப்புளம் கிளம்பிய பிறகுதான் சுட்டதே தெரிந்தது.

அல்சூர் அக்கா:
பி12, சர்க்கரை இரண்டும் சரியாகவே இருக்கின்றன. மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறோம். ரவி, உங்கள் மனைவிக்கு அந்தச் சோதனை செய்தீர்களா? எந்த மரபணுவில் பிழை என்று வந்தது?