‘ஹனகோதொபா’வைத் தமிழில் எப்படிச் சொல்வது?

சென்னையிலிருந்து:

அவையோருக்கு வணக்கம். ஜப்பானியப் பூக்களைப் பற்றிய சிறுவர் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ‘ஹனகோதொபா’ என்னும் தலைப்போடு ஒரு சிறு கட்டம் வருகிறது. அந்தப் பூவின்மேல் ஏற்றிச் சொல்லப்படும் பொருளை அதில் தருகிறார்கள். மண்ணின் புளிப்புக்கேற்ப நீலமாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறும் அஜிசாய்க்கு ‘நிலையில்லா மனம்’; இலை இருக்கும்போது பூவும், பூ இருக்கும்போது இலையும் இல்லாத ஹிகன்பனாவுக்கு ‘மீண்டும் சந்திக்கும் நாளுக்காக’. ‘ஹன’ என்றால் பூ, ‘கோதொபா’ என்றால் சொல். கட்டத்தில் ஆறெழுத்துக்கு மேல் அடங்காது. இப்போதைக்குப் ‘பூக்குறி’ என்று இட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

தேனியிலிருந்து:

அம்மா, ‘பூக்குறி’ வேண்டாம். எங்கள் பக்கத்தில் குலதெய்வத்தின் முன் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லி உத்தரவு கேட்பார்கள். ‘பூக்குறி’ என்றால் அதுதான் நினைவுக்கு வரும். நேர்ச்சொல் ‘பூச்சொல்’. ஆனால் ‘பூப்பெயர்முன் இனமென்மையும் தோன்றும்’ என்று நன்னூல் இடம் தருவதால், பூஞ்சோலை போலப் ‘பூஞ்சொல்’ என்பதே செவிக்கு இனிது. ‘கோதொபா’வை எழுதும்போது இரண்டாவதாக வருவது இலையைக் குறிக்கும் எழுத்து என்று படித்திருக்கிறேன். நம் ‘ஏடு’ பூவிதழையும் குறிக்கும், ஓலையையும் குறிக்கும்; ‘இதழ்’ பூவுக்கும் வாய்க்கும் பத்திரிகைக்கும் பொது. இந்த வழியில் போனால் ‘இதழ்மொழி’ என்றும் ஆக்கலாம்.

ஒசாகாவிலிருந்து:

ஐயா சொன்ன இலை உண்மையே. ஏறத்தாழ 905இல் தொகுக்கப்பட்ட கொகின்ஷூ என்னும் ஜப்பானியக் கவிதைத் தொகை நூலின் முன்னுரையில், மனித மனம் விதை என்றும் அதிலிருந்து எண்ணற்ற சொற்கள் இலைகளாகத் தழைக்கின்றன என்றும் கி நோ சுராயுகி எழுதுகிறார். ஆனால் ஹனகோதொபாவுக்கு அவ்வளவு பழமை இல்லை. மெய்ஜி காலத்தில் (1868–1912) ஐரோப்பாவிலிருந்து வந்து, பிறகு உள்ளூர்ப் பூக்களுக்கும் பரவிய வழக்கு அது. எனவே வாகை, தும்பை என்று திணைக்குள் இறங்கத் தேவையில்லை. சுபாகி இதழிதழாக உதிராமல் முழுப்பூவாகத் தலை அறுந்தாற்போல் விழுவதால், நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் அதைக் கொண்டுபோவதில்லை. பதினாறு இதழ்ச் செவ்வந்தி அரச குடும்பத்தின் முத்திரை. வெள்ளைச் செவ்வந்தியோ இறுதிச்சடங்குக்கு உரியது. இவையெல்லாம் வழக்கங்கள், ஹனகோதொபா என்பது கொடுப்பவர் பூவின் வழியே சொல்லும் சேதி. கோதொபா சொல்லையும் குறிக்கும், மொழியையும் குறிக்கும். நம் ‘மொழி’யும் அப்படித்தான், ஒருமொழி, தொடர்மொழி என்கிறோம் அல்லவா? ஆகவே ‘பூமொழி’. அகராதியைப் புரட்டாமலே பிள்ளைகளுக்குப் பொருள் விளங்கும்.

தேனியிலிருந்து:

தேன்மொழி, கனிமொழி வரிசையில் பூமொழி என்பது பெண்ணின் பெயர், அன்மொழித்தொகை. ‘பூமொழி: நிலையில்லா மனம்’ என்று அச்சிட்டால் அந்தப் பெயருள்ள பிள்ளை வகுப்பில் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். அகராதியைப் புரட்டாமலே பொருள் விளங்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் நாம் நல்ல சொற்களை இழக்கிறோம்.

சென்னையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டையும் எழுதிக் காட்டினேன். ‘பூமொழி’யைப் பார்த்ததும் ‘பூ பேசுவதா?’ என்றார்கள், ‘பூஞ்சொல்’லை ஒருத்தி ‘பூஞ்சை’ என்று படித்துவிட்டு, ரொட்டியில் வருமே அதுவா என்று கேட்டாள். ஒசாகாவிலிருந்து எழுதியவரும் ‘பூமொழி’ என்பதால் அதையே அனுப்பிவிடுகிறேன். பெயர்க்குழப்பம் வராமலிருக்கக் கட்டத்தில் ‘இதன் பூமொழி’ என்று போடலாமென்றால், இடைவெளியையும் சேர்த்து ஓர் எழுத்து மிஞ்சுகிறது. எழுத்தின் அளவைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.

தேனியிலிருந்து:

அனுப்புங்கள் அம்மா, தடுக்கவில்லை. பூஞ்சை என்று படித்தது பிள்ளையின் பிழை; சொல்லின் பிழையன்று. என் வகுப்பில் ‘பூஞ்சொல்’ என்றே நடத்துவேன்.