‘அங்கீகாரம்’ ஒன்றே இரண்டுக்கும் ஆகாது: வெள்ளிக்கிழமைக்குள் சொல் வேண்டும்

கிண்டியிலிருந்து, திங்கள் இரவு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். இறுதியாண்டு மாணவர்கள் நால்வர் என் வழிகாட்டுதலில் ஓர் ஆய்வு செய்கிறார்கள். மாணவர் பதிவேடுகளைக் காக்கும் முறை பற்றியது. கடவுச்சொல்லோடு, 30 நொடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண்ணையும் கேட்கும் இரட்டைச் சோதனை அது. வேலை நன்றாக வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை தமிழ்ச் சுருக்கம் ஒப்படைக்க வேண்டும். எழுதிக்கொண்டு வந்த முதல் பத்தியில் ‘அங்கீகாரம்’ ஏழு இடங்களில் நிற்கிறது. நான்கில் அது ஆதென்டிகேஷன், மூன்றில் ஆத்தரைசேஷன். எழுதிய மாணவியே ஓரிடத்தில் எது எதுவென்று தடுமாறினார்.

முன்னது, ‘நீ யார் என்பதை நிறுவு’ என்று கேட்பது. பின்னது, ‘நீ இன்னார்தான், ஆனால் இதைச் செய்ய உனக்கு உரிமை உண்டா’ என்று கேட்பது. மாணவர் தம் மதிப்பெண்ணைப் பார்க்கலாம், திருத்தக் கூடாது. ஆங்கிலத்திலேயே இந்தக் குழப்பம் உண்டு. கேட்டதைத் தர மறுக்கும்போது இணையதளம் காட்டும் பிழை எண்களில், 401 என்பதற்கு ‘அன்ஆத்தரைஸ்டு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது உண்மையில் சொல்வதோ, ‘நீ யாரென்று இன்னும் காட்டவில்லை’ என்பதை. யாரென்று தெரிந்தும் உரிமை இல்லையென்று மறுப்பதற்கு 403 இருக்கிறது. அவர்கள் செய்த பிழையை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? இரண்டு சொல் கொடுங்கள்.

மயிலாப்பூரிலிருந்து, செவ்வாய் காலை

ஐயா, அங்கீகாரம் வடசொல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஏற்றுக்கொள்ளுதல் என்ற அதன் பொருளே உங்கள் முதல் தேவைக்குப் பொருந்தவில்லை. தேவையான சொல் சங்கப் பாட்டில் கிடக்கிறது. அகநானூறு 77:

‘கயிறுபிணிக் குழிசி ஓலை கொண்மார்
பொறிகண்டு அழிக்கும் ஆவண மாக்களின்’

கயிற்றால் பிணித்த குடத்தின் மேல் பொறி, அதாவது முத்திரை, இருக்கிறது. ஆவண மாக்கள் முதலில் அந்தப் பொறியைப் பார்க்கிறார்கள். அது பழுதின்றி இருப்பதைக் கண்ட பிறகே அழித்து ஓலையை எடுக்கிறார்கள். வீழ்ந்த வீரனின் குடரை எருவை என்ற கழுகு இழுக்கும் பாலைக் காட்சிக்குச் சொன்ன உவமை இது. உவமையாகச் சொல்லும் அளவுக்கு எல்லோரும் அறிந்த நடைமுறையாக இருந்திருக்கிறது என்று பொருள். ஆகவே ‘பொறிகாண்டல்’. இன்னொன்றும் உண்டு. குறுந்தொகை 184 ‘அறிகரி பொய்த்தல் ஆன்றோர்க்கு இல்லை’ என்கிறது. கரி என்றால் சான்று. ‘கரியுறுதி’ என்றும் ஆக்கலாம்.

கடவுச்சொல் நிலைத்தது எதனால் என்றும் எண்ணிப் பாருங்கள். கட, கடவு, கடவுச்சீட்டு, கடவுச்சொல் என்று வேர் ஒன்றாக ஓடுகிறது. வேர் உள்ள சொல் தானே காலூன்றும்.

தரமணியிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா, பாட்டைப் படித்ததும் சிலிர்த்தது. ஆனால் கைப்பேசித் திரையில் ‘பொறிகாண்டல் தோல்வி’ என்று வந்தால் என் அம்மா கருவி பழுதென்று கடைக்கு எடுத்துப் போவார். பொறி என்றால் இன்று இயந்திரம், எலிப்பொறி, தீப்பொறி. கரியோ அடுப்புக் கரி. நான் பத்து ஆண்டுகளாகச் செயலிகளைத் தமிழாக்கிவருகிறேன். மக்கள் ‘சரிபார்ப்பு’, ‘அனுமதி’ என்ற இரண்டையும் தயங்காமல் அழுத்துகிறார்கள். புரியாத தூய சொல்லால் ஒருவர் தம் கணக்கைப் பூட்டிக்கொண்டால், அந்தத் தூய்மை யாருக்காக?

அம்பத்தூரிலிருந்து, செவ்வாய் இரவு

வங்கியில் வாழ்நாள் முழுவதும் இதைத்தான் செய்தேன். காசோலை வந்ததும் மாதிரிக் கையொப்ப அட்டையை எடுத்து ஒத்துப்பார்ப்போம். அது முதல் வேலை. கூட்டுக் கணக்கில் இருவரும் கையொப்பமிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தால், ஒருவர் கையொப்பம் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் பணம் கிடையாது. ஆள் அவர்தான், ஆனால் தனியே எடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. ‘ஆளறிதல்’, ‘இசைவளிப்பு’ என்று வைத்தால் என்ன?

இரட்டைச் சோதனையும் நமக்குப் புதிதல்ல. கம்பனில் இராமன் அனுமனிடம் கணையாழியை மட்டும் தந்து அனுப்பவில்லை. தனக்கும் சீதைக்கும் மட்டுமே தெரிந்த சில நிகழ்ச்சிகளையும் சொல்லி அனுப்புகிறான். கையில் உள்ள பொருள் ஒன்று, நெஞ்சில் உள்ள செய்தி ஒன்று. மறுமொழியாகச் சீதை சூடாமணி தருகிறாள். இருபுறமும் உறுதியாகிவிட்டது.

கிண்டியிலிருந்து, புதன் காலை

இசைவளிப்பை எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கு மாணவியே பதில் எழுத விரும்பினார். கீழே அவர் மடல்.

‘ஐயா, அம்மா, அனைவருக்கும் வணக்கம். ஆளறிதல் எங்களுக்குப் போதவில்லை. மதிப்பெண் கோப்பை அனுப்பும்போது அதோடு ஒரு குறியீட்டையும் சேர்க்கிறோம். மறைசாவி, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் அறிந்த இரகசியக் குறி, தெரிந்தவரால் மட்டுமே அதைக் கணக்கிட முடியும். வழியில் ஓர் எழுத்து மாறினாலும் பொருந்தாது. இதுவும் ஆதென்டிகேஷன்தான், ஆனால் இங்கே அறியப்படுவது ஆள் அல்ல, செய்தி. அகநானூற்றுக் குடம் எங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. சரிபார்ப்பு மிகவும் பொதுவான சொல். எங்கள் அறிக்கையில் தேதி, கோப்பின் அளவு எல்லாவற்றையும் சரிபார்க்கிறோம். ‘மெய்யறிதல்’ என்று வைக்கலாமா? மெய் என்றால் உண்மை, உடம்பு இரண்டும். விரல்ரேகைக்கும் பொருந்தும். மெய்யறிந்த பயனர், மெய்யறியாத கோரிக்கை என்று நீட்டவும் வருகிறது. 401 மெய்யறியப்படவில்லை, 403 இசைவில்லை.’

மயிலாப்பூரிலிருந்து, புதன் இரவு

மகளே, நீட்டிப் பார்த்தது நல்ல முறை. என் தடை வேறு. குறளில் ‘மெய்யுணர்தல்’ 36ஆம் அதிகாரம். துறவறத்தில் மயக்கம் நீங்கிப் பெறும் அறிவைச் சொல்வது. மெய்யறிதல் என்றால் படித்தவர் காதில் அந்த ஒலிதான் விழும். வாயிற்காவலன் வேலைக்கு அவ்வளவு உயர்ந்த சொல்லைச் செலவிட எனக்கு மனம் வரவில்லை. உடம்பு என்ற பொருளை நுழைத்தது சொல்லை இன்னும் குழப்பும். மறைசாவியால் இட்ட குறியீட்டுக்கு உடம்பு ஏது?

தரமணியிலிருந்து, வியாழன்

மெய்யறிதல் ஆய்வறிக்கைக்கு நன்று. என் வாக்கும் அதற்கே. பொத்தானில் மட்டும் ‘சரிபார்ப்பு’ என்றே எழுதுவேன்.

கிண்டியிலிருந்து, வியாழன் நள்ளிரவு

எழுதியவர்களில் மயிலாப்பூர் ஐயா தவிர யாரும் மறுக்கவில்லை. மெய்யறிதல், இசைவளிப்பு. ஏழு இடங்களையும் திருத்திவிட்டோம். காலையில் அனுப்புகிறோம்.

மயிலாப்பூரிலிருந்து, வெள்ளி காலை

அனுப்புங்கள். பொறிகாண்டலை நான் கைவிடவில்லை. முழு அறிக்கையில் செய்திக் குறியீடு பற்றிய இயலிலாவது அந்த இரண்டு அடிகளையும் சேர்க்கச் சொல்லுங்கள். ‘கொண்மார்’ என்பதை ‘கொள்மார்’ என்று பிரித்து எழுதிவிடக் கூடாது.