கூப்பிட வாய் வராத பெயர்

தோழிகளே, இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாளாகத் தவித்துவிட்டு எழுதுகிறேன். என் மகளுக்கு மூன்று மாதம் முடியப்போகிறது. அவளுக்கு வைத்த பெயர் என் மனசில் ஒட்டவே இல்லை. என்ன பெயர் என்று இங்கே சொல்லமாட்டேன். நாளைக்கு அவள் வளர்ந்து இதைப் படித்தால் நோகும்.

அது என் மாமியாரின் பெயர். எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது அவர் தவறிவிட்டார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனாலேயே இதைச் சொல்லக் கூசுகிறது. பிரசவமான மறுநாள் தையல் வலி, பால் சரியாக இறங்காத கவலை, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அந்த நேரத்தில் பெயர் எழுதும் படிவம் வந்தது. "அம்மா பேரையே வச்சிடலாமா?" என்று கணவர் கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் தலையாட்டிவிட்டேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு பெயரை மனசில் பொத்தி வைத்திருந்தேன். அதை அந்த நிமிடம் வாய்விட்டுக்கூடச் சொல்லவில்லை.

முதல் தடுப்பூசிக்குப் போன அன்று காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வெளியே வந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். யாருடைய குழந்தையோ என்று மற்றவர்களோடு சேர்ந்து நானும் சுற்றிப் பார்த்தேன். மூன்றாவது தடவை என் பக்கத்தில் வந்து, "உங்க பாப்பா பேர்தானேம்மா இது?" என்று அட்டையைக் காட்டினார். மடியில் அவள் என் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பெற்ற பிள்ளையின் பெயரே தாய்க்குத் தெரியவில்லை என்றால் என்ன சொல்வது?

அன்றிலிருந்து கவனிக்கிறேன். பாப்பா, தங்கம், அம்மு. வீட்டில் நான் கூப்பிடுவதெல்லாம் இவைதான். அந்தப் பெயரை ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை.

நாலரை மாதத்திலேயே குழந்தைகள் தங்கள் பெயரின் ஒலியை அடையாளம் கண்டுகொள்ளும் என்று படித்தேன். 1995-இல் வெளிவந்த ஆய்வு அது. ஒலிபெருக்கியில் வேறு வேறு பெயர்களைப் போட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி ஏற்ற இறக்கம் உள்ள பெயர்கள் நடுவிலும், தன் பெயர் ஒலித்தபோது பிள்ளைகள் கூடுதல் நேரம் காதுகொடுத்திருக்கின்றன. படித்ததிலிருந்து நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒன்றரை மாதம்தான் இருக்கிறது. மாற்றுவதென்றால் இப்போதே மாற்ற வேண்டும். கணவரிடம் எந்த வாயால் சொல்வேன்? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

எட்டாம் மாதத்தில் மாற்றியவள்

நடந்திருக்கிறது, தோழி. அந்த நாலரை மாதக் கணக்கைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நாங்கள் எட்டாம் மாதத்தில் மாற்றினோம். இரண்டு பெயரையும் சேர்த்தே கொஞ்ச நாள் கூப்பிட்டோம். மூன்று வாரத்தில் புதுப் பெயருக்குத் திரும்ப ஆரம்பித்துவிட்டான். அவனுக்குச் சிரமமே இல்லை. பெரியவர்களுக்குத்தான் ஒரு வருடம் பிடித்தது. இன்றைக்கும் என் சித்தி பழைய பெயரைத்தான் சொல்கிறார். திருத்துவதை நிறுத்திவிட்டேன்.

காகித வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. விதிமுறை நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் எங்கே இருந்தாலும் பிறப்புச் சான்றிதழ்தான் வேர். பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு, பள்ளிச் சேர்க்கை எல்லாம் அதைப் பார்த்துத்தான் முளைக்கும். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போது மாற்ற வேண்டியவை இரண்டு மூன்று காகிதங்களோடு முடிந்துவிடும். பள்ளிக்குப் போன பிறகு என்றால் ஒவ்வொரு சான்றிதழையும் துரத்த வேண்டும். திருத்தம் செய்ததற்கான ஆவணத்தை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்ட அதுதான் கைகொடுக்கும்.

அவனுடைய போர்வையில் பழைய பெயரை நானே நீல நூலில் தைத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் ஊசிமுனையால் ஒவ்வொரு தையலாக நெம்பி எடுத்தேன். நூல் வந்துவிட்டது. துளைகள் போகவில்லை, வெளிச்சத்தில் பிடித்தால் இப்போதும் எழுத்துத் தெரியும். அந்தப் போர்வையைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மூன்றாம் வகுப்பு அம்மா

என் வருத்தம் சின்னது. யாரிடமும் இல்லாத பெயர் என்று தேடித் தேடி வைத்தோம். வகுப்பில் அவளோடு சேர்த்து நான்கு பேர். நாங்கள் தேடிய அதே வருடம் எல்லோரும் அதையே தேடியிருக்கிறார்கள். மகளுக்கு அதில் குறையே இல்லை, நான்கு பேரும் சேர்ந்துதான் விளையாடுகிறார்கள்.

நர்ஸாக இருக்கும் ஓர் அம்மா

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பெயரைப் பற்றிப் பிறகு பேசலாம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? பாப்பா தூங்கும்போது உங்களுக்குத் தூக்கம் வருகிறதா? சாப்பாடு இறங்குகிறதா?

பிரசவத்துக்குப் பிறகு முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டியும் நீடித்தால் அது வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது, முக்கியமாக மனச்சோர்வு. அந்தக் கணக்கில் நானும் ஒருத்தி. வேலையில் இருந்துகொண்டே எனக்கு அது புரியவில்லை. என் மகன் பெயரை வெறுத்தேன். யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். பெயர்தான் பிரச்சினை என்று சத்தியமாக நம்பினேன். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய உதவும், பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் தாளைக் கொடுத்து டாக்டர் நிரப்பச் சொன்னார். கடைசிக் கேள்விக்கு, அதாவது தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பதற்கு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

சிகிச்சைக்குப் பிறகு பெயர் மேலிருந்த வெறுப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. மீதி இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். உங்களுக்கு அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. பெயரை மாற்றுவதோ வைத்துக்கொள்வதோ, அதற்கு முன் ஒருமுறை டாக்டரிடம் மனம்விட்டுப் பேசிவிடுங்கள். இதை மட்டும் உங்கள் அக்காவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பெயரைச் சுமப்பவன்

நான் அம்மா இல்லை, ஐம்பதைத் தாண்டிய மகன். குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும்.

வீட்டில் அம்மா மட்டும் என்னை வேறொரு பெயரில் கூப்பிடுவார். அப்பா, அண்ணன், பாட்டி எல்லோருக்கும் நான் சான்றிதழில் உள்ள பெயர்தான். அம்மாவுடையது செல்லப்பெயர் என்றே முப்பது வயதுவரை நினைத்திருந்தேன். என் மகளுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தபோதுதான், அரிசியில் கல் பொறுக்கியபடி சொன்னார்: "உனக்கு நான் வைக்க நினைச்ச பேருடா அது. யாரும் என்னைக் கேக்கலை." குரலில் கோபமில்லை. கேட்காமல் விட்டதை முப்பது வருடம் கழித்து என்னிடம் மட்டும் சொன்னார்.

கவனிக்காத காதில் விழும் பேச்சுக்கு நடுவிலும் சொந்தப் பெயர் சிலருக்குக் கேட்டுவிடும் என்பதை 1959-இல் நெவில் மோரே என்ற உளவியலாளர் சோதித்துக் காட்டினார். எனக்கு அப்படிக் கேட்பது அம்மா வைத்த பெயர். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. கூட்டத்தில் வேறு யாரையோ யாரோ அந்தப் பெயர் சொல்லி அழைத்தால் இப்போதும் சட்டென்று திரும்புகிறேன்.

உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள், அம்மா. இன்றைக்கே சொல்லுங்கள்.

முதலில் எழுதியவள்

எல்லோருக்கும் நன்றி. அக்கா, டாக்டரைப் பார்த்தேன். அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார். ஐயா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். அந்த அழுகையோடேயே கணவரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் மட்டும் அந்தப் பேரைச் சொல்றேனா? யோசிச்சுப் பாரு" என்றார். யோசித்துப் பார்த்தேன். ஆமாம், அவரும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பாப்பா அழும்போது, டயப்பர் மாற்றும்போது, பாலுக்கு அடம்பிடிக்கும்போது, அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லையாம். கூப்பிட்டால் அடுத்த அறையிலிருந்து அம்மா பதில் சொல்வார்களோ என்று ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடைக்கிறதாம். நான் சங்கடப்படுவேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். மூன்று மாதமாக ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே பெயரைச் சுற்றி ஒதுங்கி நடந்திருக்கிறோம்.

நான் நினைத்த பெயரை அன்றைக்குத்தான் முதல் தடவை அவரிடம் சொன்னேன். இரண்டு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தார். அது முன்னால், அத்தையின் பெயர் பின்னால் என்று முடிவு செய்து விண்ணப்பம் கொடுத்துவிட்டோம். சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை.

நேற்று அடுத்த தடுப்பூசி. அட்டையில் பழைய பெயர்தான் இருக்கிறது, அதையேதான் கூப்பிட்டார்கள். நர்ஸ் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் இரண்டு பேருமே எழுந்துவிட்டோம்.